எழுபது தவணைகள்

நாமக்கல் மாவட்டம் காரவள்ளியிலிருந்து கொல்லிமலைக்கு ஏறும் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. வளைவுக்கு வளைவு எண் எழுதிய பலகை நிற்கும். பஸ்ஸில் போகிறவர்கள் பாதி வழியிலேயே எலுமிச்சம்பழத்தை மூக்கருகே கொண்டுபோய்விடுவார்கள். நானும் நண்பர் ஒருவரும் அந்தச் சாலையில் கியர் சைக்கிளில் போனோம், பின் கேரியரில் ஆளுக்கு இரண்டு பைகளோடு. ஏற்றத்தில் பேசுவதற்கு மூச்சு மிஞ்சாது. ஆனால் யோசிக்க நேரம் தாராளமாகக் கிடைக்கும். ஒரு சைக்கிள் மலையேறும்போது உள்ளே என்னென்ன நடக்கிறது என்று கணக்குப் போட்டுப் பார்க்க அதைவிட நல்ல இடம் கிடையாது.

முதல் கணக்கே நம்பச் சிரமமானது. ஆள், சைக்கிள், மூட்டை எல்லாம் சேர்த்து 85 கிலோ என்று வைத்துக்கொள்வோம். அடிவாரத்துக்கும் மேலே உள்ள ஊர்களுக்கும் உயர வித்தியாசம் வட்டமாக 1,000 மீட்டர். அந்த 85 கிலோவை அவ்வளவு உயரம் தூக்கத் தேவைப்படும் ஆற்றல் சுமார் 8,34,000 ஜூல். மின்வாரியக் கணக்கில் சொன்னால் 0.23 யூனிட். நாக்கு வெளியே தள்ள, சட்டை பிழிய நனைய, இத்தனை வளைவு ஏறிச் செய்த வேலைக்கு மீட்டரில் கால் யூனிட்கூட ஓடாது!

இந்தக் கால் யூனிட்டில் ஒரு ஜூல்கூடத் தள்ளுபடி கிடையாது. எந்தச் சாலையில் போனாலும், எந்த சைக்கிளில் போனாலும், இறங்கித் தள்ளிக்கொண்டு நடந்தாலும் மலை கேட்கும் தொகை ஒன்றுதான். அப்படியென்றால் சாலை போட்டவரும் சைக்கிள் செய்தவரும் நமக்கு எதைத்தான் சுலபமாக்கினார்கள்? கடனைக் குறைக்கவில்லை, தவணையைக் குறைத்தார்கள். மொத்தத் தொகை அப்படியே இருக்க, மாதாமாதம் கட்டுவதைச் சிறிதாக்கிக் காலத்தை நீட்டுவதுபோல, விசையைச் சிறிதாக்கித் தூரத்தை நீட்டினார்கள். மலைச் சைக்கிள் பயணத்தின் சூட்சுமம் பெரும்பாலும் இந்த ஒரே தந்திரம்தான். அதை யார் யார் எங்கெங்கே செய்திருக்கிறார்கள் என்று தேடிப் பார்ப்பதில்தான் சுவாரசியம்.

முதலில் செய்தவர் சாலைப் பொறியாளர். மலைச்சரிவில் நேராக ஏறினால் பல இடங்களில் மூன்று மீட்டர் போவதற்குள் ஒரு மீட்டர் உயர வேண்டியிருக்கும். அதில் நடப்பதே பெரும்பாடு. அவர் அதே உயரத்தை ஏறக்குறைய 20 கிலோமீட்டர் நீளத்துக்கு இழுத்து, மடித்து மடித்துச் சரிவின் மேல் போட்டுவிட்டார். சராசரி ஏற்றம் 100 மீட்டருக்கு 5 மீட்டராகிவிட்டது. மடிப்பு விழும் இடம்தான் கொண்டை ஊசி வளைவு.

அந்த வளைவுக்குள்ளேயே ஒரு விந்தை ஒளிந்திருக்கிறது. காரில் போனால் தெரியாது, சைக்கிளில் போனால் தொடை உடனே சொல்லிவிடும். இடப்பக்கம் திரும்பும் வளைவுகள் செங்குத்தாகவும் வலப்பக்கம் திரும்பும் வளைவுகள் சாதுவாகவும் இருக்கும். காரணம் நம் ஊர்ச் சாலை விதி. நாம் இடது ஓரமாகப் போகிறோம். இடது திருப்பத்தில் அந்த ஓரம் வளைவின் உள்பக்கமாகிறது, வலது திருப்பத்தில் வெளிப்பக்கமாகிறது. உள்தடத்தின் ஆரம் 6 மீட்டர், வெளித்தடத்தின் ஆரம் 10 மீட்டர், வளைவு முடிவதற்குள் சாலை 2 மீட்டர் உயர்கிறது என்று கொள்ளுங்கள். உள்தடத்தில் அந்த 2 மீட்டரை 19 மீட்டர் தூரத்தில் ஏறியாக வேண்டும். வெளித்தடத்தில் அதற்கு 31 மீட்டர் இருக்கிறது. ஒன்றில் ஏற்றம் பத்து சதவீதத்தைத் தாண்டுகிறது, இன்னொன்றில் ஆறரைகூட இல்லை. ஒரே வளைவு, ஒரே தார். வலதுபக்கம் வாகனம் ஓட்டும் நாடுகளில் இதே மலை இருந்திருந்தால் எளிய வளைவுகளும் கடின வளைவுகளும் அப்படியே இடம் மாறியிருக்கும்.

சாலை கொடுத்த தவணையை இரண்டாவது முறையாகக் குறைப்பது கியர். 5 சதவீத ஏற்றத்தில் மணிக்கு 8 கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவாகப் போக, தார்ச்சாலையில் டயர் உருளும் இழப்பையும் சேர்த்து, ஏறக்குறைய 100 வாட் திறன் வேண்டும். வீட்டுக் கூரையில் சுற்றும் பழைய மின்விசிறி எடுப்பதைவிடக் கொஞ்சம் அதிகம். பழக்கமுள்ள ஒருவர் இதை மணிக்கணக்கில் கொடுக்க முடியும். சிக்கல், அதை எந்த வடிவத்தில் கொடுப்பது என்பதில்தான். திறன் என்பது விசையும் வேகமும் சேர்ந்த பெருக்கல். மெதுவாகவும் பலமாகவும் மிதித்து 100 வாட் கொடுக்கலாம், வேகமாகவும் லேசாகவும் மிதித்தும் கொடுக்கலாம். பால்கேன் கட்டிய நம் சாதாரண சைக்கிளில் பெடலை ஒரு சுற்று மிதித்தால் வண்டி ஏறக்குறைய 6 மீட்டர் நகரும். ஏற்றத்தில் அது நிமிடத்துக்கு 22 சுற்றுதான் சுற்றும். ஒவ்வொரு சுற்றிலும் பெடலின் மேல் சராசரியாக 26 கிலோ எடைக்கு நிகரான விசை விழ வேண்டும். பெடல் மேலும் கீழும் முனைக்கு வரும் கணங்களில் மிதிக்க வழியில்லை. அதை ஈடுகட்ட நடுவில் 40 கிலோவுக்கு மேல் அழுத்த வேண்டியிருக்கும். ஏற்றம் இரு மடங்கானால் முழு உடம்பையும் பெடல் மேல் ஏற்றி நின்றாலும் போதாது. மலையடிவாரத்து மனிதர்கள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஏறுவதற்குச் சோம்பல் காரணமில்லை.

நெடும்பயணச் சைக்கிளில் முன்னால் 28 பல், பின்னால் 34 பல் என்று ஒரு கூட்டணி இருக்கும். பின்சக்கரத்தின் பல்சக்கரம் முன்னதைவிடப் பெரியது. பெடல் ஒரு முழுச் சுற்று சுற்றினால் பின்சக்கரம் ஒரு சுற்றுகூட முடிக்காது. வண்டி ஒன்றே முக்கால் மீட்டர்தான் நகரும். அதே வேகத்துக்கு இப்போது நிமிடத்துக்கு 74 சுற்று மிதிக்கிறோம், பெடலில் விழும் சராசரி விசை எட்டு கிலோவைக்கூடத் தொடுவதில்லை. கால் நிறைய சுற்றுகிறது, ஆனால் தசைக்கு வலி எடுப்பதில்லை. முழங்காலுக்கும் நல்லது.

இவ்வளவு வெளிப்படையான நன்மையை ஏற்றுக்கொள்ளப் பந்தய உலகம் முரண்டு பிடித்தது என்பது வேடிக்கை. 1903-ல் தொடங்கிய டூர் டி ஃபிரான்ஸ் பந்தயத்தில் 1937 வரை முன்னணி வீரர்களுக்குக் கியர் மாற்றும் கருவி அனுமதிக்கப்படவில்லை. ஆல்ப்ஸ் மலையடிவாரத்தில் வீரர் இறங்குவார், பின்சக்கரத்தைக் கழற்றுவார், மறுபக்கத்தில் இருக்கும் பெரிய பல்சக்கரத்துக்குச் செயின் வரும்படி திருப்பி மாட்டுவார், பிறகு ஏறுவார். உச்சியில் மறுபடி இறங்கித் திருப்பி மாட்டுவார். வீரம் என்பது கஷ்டப்படுவதில் இருக்கிறது என்று பந்தயத்தை நடத்தியவர்கள் நம்பினார்கள். எனக்கு அந்த நம்பிக்கை இல்லை.

கியர் சைக்கிள் நிற்கும்போது அதன் பின்புறப் பல்சக்கர அடுக்கை ஒருமுறை குனிந்து பாருங்கள். சில பற்கள் மற்றவற்றைவிடக் குட்டையாக இருக்கும். சில ஒரு பக்கம் சீவியதுபோல் கோணலாக இருக்கும். பக்கவாட்டில் சின்னச் சின்னப் பள்ளங்கள் தெரியும். தேய்ந்துபோன பழைய சரக்கைக் கடைக்காரர் தலையில் கட்டிவிட்டார் என்று தோன்றும். உண்மையில் அவ்வளவும் வேண்டுமென்றே செதுக்கியவை. கடைகளில் டீரெய்லர் என்று சொல்லும் சங்கிலிமாற்றி, செயினை ஒரு பல்சக்கரத்திலிருந்து பக்கத்துப் பல்சக்கரத்துக்குச் சாய்த்துத் தள்ளும் சிறு கை. தள்ளப்படும் செயின் எங்கே ஏற வேண்டும், எங்கே இறங்க வேண்டும் என்று அந்தக் குட்டைப் பற்களும் பள்ளங்களும் வாசல் திறந்து வைத்திருக்கின்றன. மிதித்துக்கொண்டிருக்கும்போதே, ஒரு சுற்றின் சிறு பகுதிக்குள், செயின் அந்த வாசல் வழியாகக் குடி பெயர்ந்துவிடும்.

செயினையும் சும்மா விட முடியாது. ஊசி, குழல், உருளை, தகடு என்று நூற்றுக்கு மேற்பட்ட கண்ணிகள். இந்த அமைப்புக்கு ஹான்ஸ் ரெனால்ட் என்பவர் 1880-ல் மான்செஸ்டரில் காப்புரிமை பெற்றார், இன்றுவரை அடிப்படை மாறவில்லை. 1999-ல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் ஸ்பைசரின் குழு சைக்கிள் செயினைச் சோதித்துப் பார்த்தது. பெடலில் கொடுத்த ஆற்றலில் 98.6 சதவீதம் வரை பின்சக்கரத்துக்குப் போய்ச் சேர்ந்ததாம். கார் எஞ்சின் தன் பெட்ரோலின் பெரும்பகுதியை வெப்பமாகவே வீணடிக்கிறது என்பதை நினைத்துக்கொண்டு இந்த எண்ணைப் படிக்க வேண்டும்.

இவ்வளவு ஆற்றலும் கடைசியில் தரையைத் தொடும் இடம் எவ்வளவு பெரியது? டயரில் 60 பவுண்டு காற்று அடித்து, பின்சக்கரத்தின் மேல் 50 கிலோ பாரம் விழுந்தால், ரப்பரும் தாரும் ஒட்டும் பரப்பு சுமார் 12 சதுர சென்டிமீட்டர். மூன்று ஐந்து ரூபாய் நாணயங்களை அடுத்தடுத்து வைத்தால் அவ்வளவுதான். மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்குப் போகும் மலை ரயில், 12 மீட்டருக்கு 1 மீட்டர் ஏறும் இடங்களில் இரும்புச் சக்கரம் வழுக்கும் என்பதால், நடுவே பல் பதித்த தண்டவாளத்தைப் பிடித்துக்கொண்டுதான் போகிறது. சைக்கிள் டயருக்கு அதே ஏற்றத்தில் அந்த மூன்று நாணயப் பரப்பே போதும்.

சக்கரத்தின் உள்ளேயும் ஓர் அதிசயம். சக்கரத்தின் மேல் நாம் உட்கார்ந்திருக்கிறோம், நம் எடையைக் கீழே இருக்கும் ஸ்போக்ஸ் கம்பிகள் தாங்குகின்றன என்றுதானே நினைக்கிறோம்? இரண்டு மில்லிமீட்டர் கம்பியை நிமிர்த்தி வைத்து மேலே ஐந்து கிலோ வைத்தாலே வளைந்துவிடும். கம்பிக்கு இழுக்கத்தான் தெரியும், முட்டுக்கொடுக்கத் தெரியாது. அதனால் சக்கரம் கட்டுபவர் 36 கம்பிகளையும் ஒவ்வொன்றும் ஏறக்குறைய 80 முதல் 100 கிலோ இழுவிசை வரும்வரை முறுக்கிவைக்கிறார். சும்மா சுவரில் சாய்ந்து நிற்கும் சைக்கிளின் ஒரு சக்கரத்துக்குள் எல்லாக் கம்பிகளும் சேர்ந்து மூன்று டன் அளவுக்கு ரிம்மை உள்நோக்கி இழுத்துக்கொண்டிருக்கின்றன! நாம் ஏறி உட்கார்ந்ததும் மேல் கம்பிகளில் பெரிய மாற்றம் எதுவும் வருவதில்லை. தரைக்கு நேர் மேலே இருக்கும் மூன்று நான்கு கம்பிகளின் இறுக்கம் மட்டும் கொஞ்சம் தளர்கிறது. அந்தத் தளர்வுதான் நம் எடை. சக்கரம் உருள உருள ஒவ்வொரு கம்பியும் சுற்றுக்கு ஒருமுறை தளர்ந்து மறுபடி இறுகுகிறது. கொல்லிமலை ஏறி முடிப்பதற்குள் ஏறக்குறைய 9,500 முறை. கம்பி அறுவது இந்த ஓயாத தளர்ச்சியால்தான். அதனால் இறுக்கமான கம்பியைவிடத் தொளதொளப்பான கம்பியே சீக்கிரம் அறும். பயணத்துக்கு முன் நல்ல மெக்கானிக் ஒருவர் கோட்டம் எடுக்கும்போது கவனித்துப் பாருங்கள். கம்பிகளை ஒவ்வொன்றாக விரலால் சுண்டி ஓசை கேட்பார். சுருதி சேராத கம்பியை இறுக்குவார்.

ஆள் என்ற எஞ்சினின் கதை வேறு. செயின் அளவுக்கு அதற்குச் சிக்கனம் தெரியாது. தின்ற உணவின் ஆற்றலில் நான்கில் ஒரு பங்கு போலத்தான் பெடலுக்குப் போகிறது, மிச்சம் சூடு. இந்த மலைக்கு ஒருவர் செலவழிப்பது சுமார் 930 கிலோ கலோரி. நாமக்கல் முட்டைக் கணக்கில் 13 முட்டை. பெடலுக்கு 100 வாட் போகும்போது உடம்பில் 300 வாட்டுக்கு மேல் வெப்பம் ஊறிக்கொண்டே இருக்கிறது. அதை வெளியேற்ற வியர்வைதான் வழி. ஒரு லிட்டர் வியர்வை ஆவியாகும்போது 24 லட்சம் ஜூல் வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகிறது. ஏறி முடிக்க இரண்டரை மணி நேரம் என்றால், ஒழுகிச் சொட்டி வீணாவதைச் சேர்க்காமலே ஒன்றேகால் லிட்டர் வியர்வை ஆவியாக வேண்டும். இதில் ஒரு அநியாயம் இருக்கிறது. சமவெளியில் வேகமாகப் போகும்போது எதிர்காற்று இலவசமாக விசிறிவிடுகிறது. ஏற்றத்தில், சூடு அதிகமாகும் நேரத்தில், எட்டு கிலோமீட்டர் வேகத்தில் காற்றே வராது. உப்புப் போட்ட எலுமிச்சை நீரும் மோரும் வெறும் தண்ணீரைவிட அங்கே ருசிப்பதற்குக் காரணம் உண்டு. வியர்வையோடு உப்பும் போகிறது.

நண்பரால் என்ன பயன்? சேந்தமங்கலம், காளப்பநாயக்கன்பட்டி வழியாக வரும் சமதளச் சாலையில் நிறையவே உண்டு. மணிக்கு 25 கிலோமீட்டரில் போகும்போது நம் உழைப்பில் முக்கால் பங்கு காற்றைக் கிழிக்கவே போகிறது. முன்னால் போகிறவரின் முதுகை ஒட்டிப் போனால் பின்னால் வருபவருக்குக் கால் பங்கு உழைப்பு மிச்சமாகும். மாறி மாறி முன்னால் போனால் இருவருக்கும் லாபம். முதல் வளைவு தொடங்கியதும் இந்தக் கூட்டுறவு கலைந்துவிடும். ஏற்றத்தின் வேகத்தில் காற்றின் பங்கு மூன்று சதவீதத்துக்கும் குறைவு. மறைந்துகொள்ள எதுவுமில்லை.

அங்கே பேசுவது எடை மட்டும்தான். என் நண்பர் என்னைவிட 20 கிலோ கூடுதல். இருவரும் அதே 100 வாட் கொடுத்தால் அவர் மேலே வந்துசேர எனக்குப் பிறகு அரைமணி நேரத்துக்கு மேல் ஆகும். “நீ சும்மா காத்துல பறந்து போற, நான் மலையையே தூக்கிக்கிட்டு வரேன்” என்றார். கணக்கு அவர் பக்கம்தான். இறக்கத்தில் அதே எடை கட்சி மாறியது. கீழே இழுக்கும் விசை எடைக்கேற்பக் கூடும். தடுக்கும் காற்றோ உடம்பின் முகப்புப் பரப்பைப் பொறுத்தது, பரப்பு எடை அளவுக்குக் கூடுவதில்லை. 8 சதவீதச் சரிவில் பிரேக் தொடாமல் விட்டால் நான் மணிக்கு 51 கிலோமீட்டரில் நிலைகொள்வேன். அவர் 55-ஐ எட்டுவார்.

மலை மேல் சமதளம் என்று நம்பிப் போகாதீர்கள். சோளக்காட்டிலிருந்து செம்மேடு வரை சாலை ஏறி இறங்கிக்கொண்டேதான் இருக்கும். ஆனால் மிளகுக்கொடி சுற்றிய மரங்களின் நிழலும், அடிவாரத்தைவிட ஆறு டிகிரி குறைந்த வெயிலும் கிடைக்கும். அந்த உயரத்தில் தண்ணீர் 96 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது. டீக்கடைக்காரர் எவ்வளவு கொதிக்கவைத்தாலும் டீ அதற்கு மேல் சூடாகாது.

இறங்கும்போது ஒவ்வொரு வளைவிலும் நாம் அறியாமலே ஒரு தந்திரம் செய்கிறோம். இடதுபக்கம் திரும்ப வேண்டுமென்றால் முதலில் ஹேண்டிலை ஒரு கணம் வலதுபக்கம் திருப்புகிறோம். சக்கரம் வலப்பக்கம் விலக, உடம்பு இடப்பக்கம் சாய்கிறது. சாய்ந்த பிறகே இடது திருப்பம். விமானம் செய்த ரைட் சகோதரர்கள் சைக்கிள் கடைக்காரர்கள். அவர்களில் மூத்தவரான வில்பர் இதைக் கவனித்துப் பல சைக்கிள்காரர்களை விசாரித்திருக்கிறார். தினமும் செய்பவர்களுக்கே அது தெரிந்திருக்கவில்லை.

ஏறும்போது சேர்த்த 8,34,000 ஜூலையும் இறங்கும்போது எங்காவது தொலைத்தாக வேண்டும். இரண்டரை லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைக்கப் போதுமான வெப்பம் அது. காற்று கொஞ்சம் வாங்கிக்கொள்ளும், மிச்சம் பிரேக்குக்கும் ரிம்முக்கும். இங்கே உள்ளுணர்வு ஏமாற்றுகிறது. 8 சதவீதச் சரிவில் பிரேக்கைப் பிடித்துக்கொண்டே மணிக்கு 10 கிலோமீட்டரில் இறங்கினால் பிரேக்கில் 165 வாட் வெப்பம் உண்டாகிறது. 50-ல் போனால் காற்றே கிட்டத்தட்ட எல்லாவற்றையும் தடுத்துவிடுவதால் பிரேக்குக்கு 50 வாட்தான். இரண்டுக்கும் நடுவே, நிதானம் என்று நாம் நினைக்கும் 30 கிலோமீட்டரில், பிரேக் 340 வாட் வாங்குகிறது. பாதுகாப்பு என்று எண்ணி அந்த வேகத்திலேயே பிரேக்கை உரசவிட்டபடி நெடுந்தூரம் இறங்கினால் ரிம் கொதித்து, உள்ளே ட்யூப் வெடிக்கக்கூட வாய்ப்புண்டு. நேரான துண்டில் கையை எடுத்துவிட்டு, வளைவுக்கு முன்பே இரண்டு பிரேக்கையும் சேர்த்து அழுத்தி வேகத்தைக் குறைத்து, மறுபடி விட்டுவிடுவதே முறை. இடையில் காற்று ரிம்மை ஆற்றிவிடும். பயமாக இருந்தால் பத்து கிலோமீட்டரில் போங்கள், நடுவில் மட்டும் நிற்காதீர்கள்.

எதிரே யாராவது ஏறி வந்தால் வழிவிடுங்கள். மலைச்சாலையில் ஏறும் வண்டிக்கே முன்னுரிமை என்பது விதி. சோளக்காட்டை விட்டுக் கிளம்பும் முன் பிரேக் கட்டைகளை ஒருமுறை பாருங்கள். ரப்பரில் வெட்டியிருக்கும் கோடுகள் தேய்ந்து மறைந்திருந்தால் மாற்றிவிட்டு இறங்குங்கள். ஒரு ஜோடிக் கட்டை பைக்குள் பெரிய இடம் அடைக்காது.